வரைபடத்தில் ஒரு மேடு

"சித்தி, இது முன்பக்கமா, பின்பக்கமா?"

காவ்யா கேட்ட கேள்வி இது. நகரியில் அக்கா மோனிகாவின் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அகிலாவின் மடிக்கணினியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தை. விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டில் யார் எந்தத் துணியை விரித்தாலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். திரையில் தெரிந்த அறுகோணக் கட்டங்களைப் புதுத் தினுசுப் புடவை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பதிலுக்குக்கூட நிற்காமல் தெருவுக்கு ஓடிவிட்டாள்.

அகிலா சிரித்தாள். அந்தச் சிரிப்பு முழுதாக முகத்துக்கு வருவதற்குள் நின்றுபோனது. முன்பக்கமா, பின்பக்கமா? நான்கு வருடமாகத் தினமும் பார்க்கிற படம். அவளுக்கே பதில் தெரியவில்லை.

அவள் திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஆராய்ச்சி மாணவி. ஐரோப்பாவில் மண்ணுக்கு அடியில் ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அதில் ஈயத்தின் அணுக்கருக்களை எதிரெதிரே விரட்டி மோதவிடுகிறார்கள். ஒவ்வொரு மோதலிலும் ஆயிரக்கணக்கான துகள்கள் சிதறும். அவற்றில் ஒளித்துகள்கள் எத்தனை, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று எண்ணுவதுதான் அகிலாவின் வேலை. எண்ணுகிற கருவி பார்க்கத் தேன்கூடு மாதிரி இருக்கும். நடுவில் ஈயத் தகடு. தகட்டின் இரு புறமும் வாயு நிரப்பிய சின்னச் சின்ன அறைகள். ஒளித்துகள் ஈயத்தில் பட்டால் மழையாகச் சிதறிப் பின்னாலிருக்கும் பல அறைகளை ஒரே சமயத்தில் நனைக்கும். மற்றத் துகள்கள் பெரும்பாலும் ஒரே அறையைத் தொட்டுவிட்டுப் போய்விடும். நனைந்த அறைகளை வைத்து ஒளியை எண்ணவேண்டும்.

எல்லா அறைகளும் உயிரோடு இருப்பதில்லை. சில செத்துப்போகும். சில பைத்தியம் பிடித்தாற்போல் சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவை எங்கெங்கே என்று ஒரு படம் தயாரித்து, அங்கே தவறிப்போன ஒளியைக் கணக்கில் ஈடுகட்ட வேண்டும். அறைப்படம் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

அகிலாவின் கணக்கில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒளித்துகள்கள் கொஞ்சம் அதிகமாக வந்தன. வரைபடத்தில் பார்த்தால் சின்ன மேடு. எந்தக் கோட்பாடும் அங்கே ஒரு மேட்டை எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் இணையவழிக் கூட்டம். அதில் அந்த மேட்டுக்கு ஒப்புதல் கிடைத்தால் அடுத்த மாதம் உலக மாநாட்டில் அவளே பேசுவாள். ஜெர்மனியில் ஒரு வேலையும் அந்த ஒப்புதலை நம்பித்தான் நின்றது. உதவித்தொகை முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன.

திங்கட்கிழமை காலை அகிலா துறைக்கு முதல் ஆளாகப் போனாள். அவள் மேசைக்கு எதிரே ஜன்னலில் ஏழுமலையும் தெரியும். அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பழைய பராமரிப்புப் புகைப்படங்களைத் தோண்டினாள். ஒரு பழுதுபார்ப்பின்போது கருவியில் அறைகள் பதித்த பக்கவாட்டுத் தட்டு ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டியிருந்தார்கள். மோதல் நடக்கும் இடத்திலிருந்து பார்ப்பதுபோல்தான் எல்லாரும் எல்லாத் தட்டுகளையும் வரைவது வழக்கம். ஆனால் பழுது பார்த்தவர்களுக்குப் பின்னால்தான் நிற்க இடம் கிடைத்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே எண் போட்டுவிட்டார்கள். அகிலா முதல் வருடத்தில் அந்த எண்களை அப்படியே தன் படத்தில் ஏற்றியிருந்தாள்.

இடமும் வலமும் மாறிவிட்டன. பக்கவாட்டுத் தட்டு என்பதால், இடம் வலம் மாறியதில் உள்விளிம்பு வெளிவிளிம்பாகிவிட்டது. உயிருள்ள அறைகளுக்கு ஈடு கொடுத்து மேட்டை எழுப்பியிருக்கிறாள். செத்த அறைகளுக்கு ஒன்றும் கொடுக்காமல் ஒரு பள்ளத்தை வெட்டியிருக்கிறாள். அந்தப் பள்ளம் ஓரத்தில் விழுந்தது. ஓரத்தை நம்ப முடியாது என்று எல்லாரும் வெட்டிவிடுவதுபோல அவளும் வெட்டியிருந்தாள்.

அந்த ஒரு தட்டைத் திருப்பிப் போட்டு, கொஞ்சம் தரவை மட்டும் ஓட்டிப் பார்த்தாள். மேடு கரைந்தது. முழுசாக இல்லை, ஆனால் கரைந்தது.

பேராசிரியர் வெங்கடரமணன் நல்ல மனிதர். மாணவர்களைப் பெற்ற பிள்ளைகள்போல் பார்ப்பவர். சாயங்காலம் அவரிடம் எல்லாவற்றையும் காட்டினாள். அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பயந்த குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற குரலில் சொன்னார்:

"நூவு அனாவசியமா பயப்படறம்மா. தட்டு திரும்பியிருந்தா திலீபுக்கு எப்படி அதே மேடு வந்தது? அவன் தனியாத்தானே போட்டான்?"

அகிலா மடிக்கணினியை மூடிக்கொண்டாள்.

அவர்களுடைய உலகத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. ஒருவர் கண்டதை இன்னொருவர் தனியாக, முதலிலிருந்து போட்டுப் பார்க்கவேண்டும். இருவரும் ஒரே தரவை எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் ஒரு வரி நிரலோ, ஒரு படமோ கைமாறக்கூடாது. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் கூட்டத்தில் பேசவே விடுவார்கள். அகிலாவுக்கு இரண்டாம் கணக்குப் போட்டவன் சித்தூர்க்காரன் திலீப். இருவர் கணக்கும் அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியதைப் பார்த்து எல்லாரும் மெச்சினார்கள்.

பொருந்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. போன வருடம் திலீபின் அப்பா கன்னையாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. மகன் ஆஸ்பத்திரிக்கும் துறைக்கும் அலைந்து பாதியாய் இளைத்துப்போனான். அறைப்படம் போடுவது கண்ணைப் பிடுங்குகிற வேலை. மாதக்கணக்கில் இழுக்கும். அகிலா மனசு கேட்காமல் தன் படத்தை அவனுக்கு அனுப்பினாள். 'இதை வெச்சிக்கோ, யாருக்கும் தெரிய வேணாம்' என்று செய்தியும் போட்டாள். இரக்கப்பட்டுச் செய்ததுதான். ஆனால் ஒரே தவறு இரண்டு கணக்கிலும் புகுந்துகொண்டு, ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்லிவிட்டது.

தட்டு திரும்பியிருக்கிறது என்று நிரூபிக்கவேண்டுமானால் படம் கைமாறியதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்னால் திலீபின் கதி என்ன? அந்த இரண்டாம் கணக்கு அவன் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம்.

திலீபை அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அப்போதும் எடுக்கவில்லை. செவ்வாய் காலை சித்தூர் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் பாதிப் பேர் மொட்டை போட்டு, சந்தனம் பூசிய தலையோடு மலையிலிருந்து திரும்புகிறவர்கள். அகிலா ஜன்னலோரம் உட்கார்ந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். 'இன்றைக்கு நான் பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?' என்ற நினைப்பு பாதி வழியில் மெதுவாக வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது. கண்டக்டர் காணிப்பாக்கம் கிராஸ் என்று குரல் கொடுத்தார். அந்த ஊர்ப் பிள்ளையார் முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் துணிச்சல் வராது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கிளைச்சாலை முனையில் கோயில் வளைவு கடந்து போனபோது அவள் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் திலீப் நின்றிருந்தான். உள்ளே கன்னையாவுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு கூட்டம். அத வுட்டுட்டு இங்க இன்னா பண்ணிகினு கீற?" என்றான்.

அவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பிய தட்டையும் கரைந்த மேட்டையும் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"சாருக்குத் தெரியுமா?"

"தட்டு திரும்பியிருக்குன்னு சொன்னேன். அவர் நம்பல. ஏன் நம்பலன்னு உனக்குத் தெரியும். படம் நான் குடுத்தத சொல்லல. உன்னக் கேக்காம சொல்லக்கூடாதுன்னு வந்தேன்."

"கேக்க வந்தியா, இல்ல சொல்லிட்டுப் போக வந்தியா?"

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். கோபத்தில் அவன் குரல் எப்போதும் தாழ்ந்துதான் போகும்.

"பாவம் பாத்து குடுத்த. இப்ப அதே கையால புடுங்கற."

பிறகு அவனே கெஞ்சுகிற இடத்துக்கு இறங்கினான். இன்றைக்கு மேட்டைக் காட்டிவிடலாம், ஒரு மாதத்தில் அவனே சொந்தமாக ஒரு படம் போட்டுவிடுவான், பிறகு இருவரும் சேர்ந்து தவற்றைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டான். அகிலாவுக்கு அது நியாயமாகவே பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மேடு ஒருமுறை வெளியே போய்விட்டால் எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் அதற்குக் காரணம் தேடி ராத்திரி பகலாகக் கணக்குப் போடுவார்கள். இல்லாத ஒன்றுக்காக அவர்களுடைய வருடங்கள் போகும். அதை அவள் சொன்னாள். "என் வருஷம் போனா?" என்று அவன் கேட்டான். கூட்டத்துக்கு இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

உள்ளிருந்து கன்னையா குரல் கொடுத்தார். அகிலா போய் நின்றாள்.

"வாம்மா. அந்த டப்பால இட்லி கீது. துன்னு மொதல்ல. வெறும் வயித்தோட பஸ் ஏறி வந்தது மூஞ்சிலயே தெரியுது." கையில் குழாய் செருகியிருந்தது. அப்படியும் கண்ணில் குறும்பு குறையவில்லை. "இன்னா சண்ட ரெண்டு பேருக்கும்? வெளிச்சத்த எண்றதுல ஏதாவது கொறஞ்சி பூட்ச்சா?"

"ஜாஸ்தியா எண்ணிட்டோம், மாமா."

"கவுர்மெண்டு வேலைல அது சகஜம்தான்," என்றார் அவர்.

சிரித்த வாய் சிரித்தபடியே கோணியது. ஆடுசதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. இயந்திரத்தில் கிடப்பவர்களுக்கு அடிக்கடி வருகிற வலி அது. ஆள் முறுக்கிக்கொண்டார். குழாய் ஆடியது. திலீப் நர்ஸைத் தேடி ஓடினான். அகிலா மடிக்கணினியைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். கல்லாய் இறுகிய அந்தக் காலை மடியில் வாங்கி, பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து உப்புநீர் ஏற்றினாள். வலி உடனே விடவில்லை. தரையில் மடிக்கணினி 'கூட்டம் தொடங்கப்போகிறது' என்று மணி அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்காலைத் தேய்த்தபடி, "இன்னும் கொஞ்சம், மாமா, வுட்டுடும், வுட்டுடும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மணி இரண்டாம் முறையும் அடித்து ஓய்ந்தது.

கால் தளர்ந்தது. கன்னையா கண்ணை மூடிக்கொண்டார். அகிலா எழுந்தபோது திலீப் கதவோரம் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றிருந்தானோ.

தரையிலிருந்த மடிக்கணினியை அவனே எடுத்தான். வராந்தாவின் கோடியில், ஜன்னலோரம்தான் சிக்னல் கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் வைத்தான்.

"சொல்லு," என்றான்.

கூட்டத்தை நடத்தியவர் ஒரு இத்தாலியப் பெண்மணி. அகிலாவின் பெயரை ஏற்கெனவே இரண்டு முறை கூப்பிட்டாயிற்று என்று திரையில் தெரிந்தது. அகிலா முதல் பக்கத்தைக் காட்டினாள். மேடு அங்கே அழகாக நின்றது. தன் முடிவைத் திரும்பப் பெறுவதாக ஆங்கிலத்தில் சொன்னாள். திரும்பிய தட்டைக் காட்டினாள், புகைப்படத்தைக் காட்டினாள், பாதி கரைந்த மேட்டைக் காட்டினாள்.

அந்த அம்மையார், பேராசிரியர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அப்படியானால் இரண்டாவது கணக்கு எப்படிப் பொருந்தியது?

அகிலா பதில் சொல்வதற்குள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து திலீப் குனிந்தான். அவளுடைய அறைப்படத்தைத்தான் தானும் பயன்படுத்தியதாகச் சொன்னான். தானாகவே கேட்டு வாங்கியதாகவும் சொன்னான்.

"இல்லை," என்றாள் அகிலா. "அவர் கேட்கவில்லை. நானாக அனுப்பினேன். யாருக்கும் சொல்லவேண்டாம் என்றதும் நான்தான்."

திரையின் ஒரு சின்னக் கட்டத்தில் வெங்கடரமணன் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைப்பது தெரிந்தது.

தீர்ப்பு அன்று மாலையே வந்துவிட்டது. அகிலா தன் கணக்கை முதலிலிருந்து போடலாம். மாநாட்டுப் பேச்சு இல்லை. இரண்டாம் கணக்கு வேறு நாட்டுக் குழுவுக்குப் போகும். திலீப் விலகிக்கொள்ள வேண்டும். கணக்கு தனியாக இருப்பதைக் காக்கும் பொறுப்பு சரிபார்ப்பவனுடையது என்பது விதி. அகிலா எழுதிப் பார்த்தாள், பேசிப் பார்த்தாள். குற்றம் தன்னுடையது என்றாள். அதைக் கருணையோடு கேட்டுக்கொண்டார்களே தவிர விதி அசையவில்லை. கடைசியில், அதிகம் தப்புச் செய்தவள் குறைவாக விலை கொடுத்தாள். குறைவாகச் செய்தவன் அதிகமாகக் கொடுத்தான்.

அன்று கூட்டம் முடிந்து ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே அவள் கேட்டிருந்தாள்: "கேட்டு வாங்கினேன்னு எதுக்குச் சொன்ன?"

"கேக்கணும்னுதான் இருந்தேன்," என்றான். "நீ முந்திக்கின."

அதற்குப் பிறகு அவர்கள் அதைப்பற்றிப் பேசவில்லை.

முழுத் தரவையும் ஓட்டியபோது மேடு சுத்தமாக மறைந்தது. கோடு, கோட்பாடு சொன்னபடியே வழவழப்பாகப் போயிற்று. ஜெர்மனியிலிருந்து மரியாதையான பதில் வந்தது: முடிவு ஒப்புதலான பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம். திலீப் வேறொரு தரவை எடுத்துக்கொண்டு, இழந்துபோன அத்தியாயத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று தொடங்கினான். இந்த முறை அறைப்படத்தைத் தன் கண்ணாலேயே, ஒவ்வொரு அறையாகப் பார்த்துப் போட்டான். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரி. மீதி நாளில்தான் ஆய்வு.

இந்தக் கணக்குகளைத் தூரத்தில் இருக்கும் பெரிய கணினிகள்தான் ஓட்டுகின்றன. 'ஜாப்' எனப்படும் ஆயிரம் துண்டுகளாக வெட்டி அனுப்பினால் அவை வரிசையில் நின்று ஒவ்வொன்றாக ஓடும். சில நடுவழியில் செத்துவிடும். அவற்றை யாராவது மறுபடி வரிசையில் நிறுத்தவேண்டும். நிறுத்த ஆள் இல்லையென்றால் நாள் வீணாகும். நிரலையோ விடையையோ தொடவேண்டியதில்லை. குழுவின் பொதுக் கணக்கில் கடவுச்சொல் போட்டு நுழைந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதை யார் அழுத்தினார்கள் என்பது எங்கேயும் பதிவாகாது.

திலீப் சித்தூரில் இருந்த நாட்களில் அகிலா காலையிலும் சாயங்காலமும் அந்தப் பொத்தானை அழுத்தினாள். "இப்பல்லாம் என் ஜாப் ஒண்ணும் சாவறதே இல்ல. கம்ப்யூட்டருக்கே நம்ம மேல பாவம் வந்துகிச்சு போல" என்று ஒருநாள் அவன் சொன்னபோது, "இருக்கும்" என்றாள்.

மார்கழியில் ஒரு காலை. பராமரிப்புக்காக அந்தக் கணினிகளை அன்று சாயங்காலம் மூடப்போவதாக அறிவிப்பு வந்திருந்தது. திறக்கப் பொங்கல் ஆகிவிடும். திலீப் தன் அத்தியாயத்தைப் பொங்கலுக்கு முன் ஒப்படைத்தாக வேண்டும். தவறினால் ஒரு வருடம் ஆய்வுப் பதிவை நீட்டிக்க வேண்டிவரும். விடையை உறுதிசெய்யும் அகிலாவின் கடைசித் துண்டுகளும் அன்று ஓடிக்கொண்டிருந்தன. இவை முடிந்தால் அவள் விடையைத் தை பிறப்பதற்குள் அனுப்பிவிடலாம். முடியாவிட்டால் உதவித்தொகை நின்ற பிறகும் காத்திருக்கவேண்டும். கணினிகளில் குழுவுக்கு ஒதுக்கிய பங்கு முழுவதையும் அவளுடைய துண்டுகளே பிடித்துக்கொண்டிருந்தன. அவனுடையவை எல்லாம் பின்னால் நின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் 'காத்திருக்கிறது' என்று இருந்தது.

துறையில் இன்னும் யாரும் வரவில்லை. அடிவாரத்துக் கோயிலிலிருந்து சுப்ரபாதம் முடிந்து மணி ஓசை கேட்டது. அகிலா சிறிது நேரம் கைகளை மடியில் கோத்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஸ்வாமியை வேண்டிக்கொண்டாளா, வெறுமே உட்கார்ந்திருந்தாளா என்று சொல்வதற்கில்லை.

பிறகு தன் துண்டுகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். நிறுத்து என்பதை அழுத்தினாள். நிச்சயமா என்று திரை ஒருமுறை கேட்டது. ஆம் என்றாள்.

வரிசை காலியாயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு மேலிருந்து கீழாக, ஒன்றன்பின் ஒன்றாக, திலீபின் துண்டுகளுக்கு எதிரே இருந்த சொல் மாறிக்கொண்டே வந்தது.

ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது.

கடைசித் துண்டு மாறும்வரை பார்த்திருந்துவிட்டு, பொதுக் கணக்கிலிருந்து வெளியேறி, அவள் தன் நிரலின் முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.